கரிநாளில் கிளம்பாதே

எரிமலை பார்க்க ஆசைப்பட்டவள் நான்தான். அதனால் நடந்ததற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் சொன்னேன். பாலித் தீவின் விமான நிலையத் தரையில், முதுகுப்பையைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்துகொண்டு, திருச்சியில் இருக்கும் அம்மாவை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன்.

நாங்கள் மெல்பர்னில், கிளேட்டனில் இருக்கிறோம். ஆராய்ச்சிப் படிப்புக்கு வந்தவள் அதே பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வகத்தில் ஒட்டிக்கொண்டேன். பின்னாலேயே கணவர் வந்தார். மகள் பிறந்தாள். மூன்று பேருக்கும் சேர்த்து, என்னை முன்னிறுத்தி, நிரந்தரமாகத் தங்கும் உரிமையான பி.ஆர். கேட்டு விண்ணப்பித்தோம். பிறகு காத்திருந்தோம். எங்களுக்குப் பின்னால் விண்ணப்பித்தவர்களுக்கெல்லாம் கிடைத்து, அவர்கள் பிரியாணி போட்டு, நாங்கள் போய்ச் சாப்பிட்டு, வாழ்த்திவிட்டு வந்தோம். என் கணவர் தாலி கட்டிய அன்றுகூட நெற்றியில் திருநீறு வைக்க மறுத்தவர். அவரே வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போக ஆரம்பித்தார். விசாவுக்குக் காத்திருக்கும் வீட்டில் பகுத்தறிவு கொஞ்சம் இளைத்துத்தான் போகும்.

காத்திருக்கிறவர்களுக்கு ஒரு இடைக்கால விசா கொடுப்பார்கள், பிரிட்ஜிங் விசா என்று. அதை வைத்துக்கொண்டு உள்ளேயே இருக்கலாம், வேலை பார்க்கலாம். வெளிநாடு போய் வரவேண்டுமென்றால் தனியாக அனுமதி வாங்க வேண்டும். அதில் ஒரு தேதி போட்டிருப்பார்கள். அந்தத் தேதிக்குள் திரும்பி வந்துவிட வேண்டும். ஒருநாள் பிந்தினாலும் வெளியேதான். அதற்குப் பிறகு வேறு விசா கேட்டு, வெளியே உட்கார்ந்து, எத்தனை மாதமோ காத்திருக்க வேண்டும்.

இது தெரிந்தும் எதற்குப் போனாய் என்று எல்லாரும் கேட்டார்கள். பள்ளிக்கூடத்துப் புவியியல் புத்தகத்தில் எரிமலையைக் குறுக்காக வெட்டிய படம் ஒன்று இருக்கும். அதை நான் அத்தனை அழகாக வரைவேன். ஆய்வகத்தில் காலைத் தேநீர் நேரத்தில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் இந்தோனேசியா போய் வந்த கதையைப் பக்கத்துத் தெருவுக்குப் போய் வந்ததுபோலச் சொல்வார்கள். கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுக்கவில்லை. நாலு வருஷமாக நான் எங்கேயும் போகவில்லை. "போயிட்டு வா. பாப்பாவ நான் பாத்துக்கறேன். தேதிய மட்டும் மறந்துடாத" என்றார் கணவர். ஜனவரி விடுமுறை. அது முடிந்ததும் மகளுக்கு முதன்முதலாகப் பள்ளிக்கூடம். அதற்குள் வந்துவிடுவது என்று ஏற்பாடு. ஐந்து வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு முதுகுப்பை மாட்டிக்கொண்டு கிளம்புகிறாளே என்று மாமியார் வீட்டில் பேச்சு எழுந்தது. எழட்டும் என்று கிளம்பிவிட்டேன்.

ஜாவாவில் சுரபாயாவில் இறங்கி, அங்கிருந்து கிழக்கே தரைவழியாக நகர்ந்துகொண்டே வந்து, கடைசியில் கப்பலேறி பாலிக்கு வருவது என்பது திட்டம். மழைக்காலம். பஸ்ஸில் சீட்டு நனைந்திருக்கும். தங்கிய அறைகளில் துணி காயவே காயாது. ஒரு எரிமலையின் விளிம்பில் விடியற்காலையில் நின்றேன். கந்தக நாற்றத்தில் கண் எரிந்தது. கீழே வாயிலிருந்து வெள்ளையாகக் கொஞ்சம் புகை வந்தது. அவ்வளவுதானா, இன்னும் கொஞ்சம் நிறைய வந்தால் படம் நன்றாக இருக்குமே என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை அப்புறம் பல தடவை நினைத்துப் பார்த்தேன்.

பிறகு ஒரு வனவிலங்குப் பூங்கா. விளம்பரப் படங்களில் காய்ந்த புல்வெளியும் ஒற்றை மரமுமாக ஆப்பிரிக்கா மாதிரி இருக்கும். நான் போனபோது முழங்கால் உயரத்துக்குப் பச்சையாகக் கிடந்தது. காட்டுமாடுகளின் முதுகு மட்டும் தெரிந்தது. ஒரு குரங்கு என் கையிலிருந்த வாழைப்பழத்தைப் பிடுங்கிக்கொண்டு என் முன்னாலேயே உட்கார்ந்து உரித்துத் தின்றது. கோபம் வரவில்லை, சிரிப்பு வந்தது. அம்மாவுக்குப் படம் அனுப்பினேன்.

அம்மா தினமும் கூப்பிடுவாள். "எங்க இருக்க?" என்பாள். இன்று இந்த மலை, நாளை அந்தக் காடு, நாளை மறுநாள் கப்பல் என்று ஒப்பிப்பேன். "என்னடி இப்படி ஓடிக்கிட்டே இருக்க? எங்கயாவது அக்கடான்னு உக்காந்தியா? கடலப் பாத்தியா?" என்று கேட்டாள்.

"கடைசிலதாம்மா கடல். சாயங்காலம் போய்ச் சேருவேன், ராத்திரி தங்கிட்டு காலைல பிளைட்டு."

நான் கிளம்பும் நாளை மட்டும் இன்னொரு தரம் கேட்டுக்கொண்டு அம்மா போனை வைத்துவிட்டாள். மறுநாள் கூப்பிட்டாள். நான் கிளம்புவதாக இருந்த அந்த நாள் கரிநாளாம். கரிநாளில் கிளம்பாதே, டிக்கெட்டை ஒருநாள் தள்ளிப் போடு என்றாள்.

எங்கள் வீட்டில் இது புதிதில்லை. நாங்கள் டிக்கெட் போடுவதே அம்மாவின் தினசரிக் காலண்டரைக் கேட்டுத்தான். இந்தத் தடவைதான் கேட்காமல் போட்டிருந்தேன். நான் முதன்முதலாக மெல்பர்னுக்குக் கிளம்பியதே அம்மா குறித்துக் கொடுத்த நாளில்தான். என் கணவர் வந்ததும் அப்படியே. ராகு காலத்தில் டாக்சி வந்துவிட்டால் டிரைவருக்குக் காப்பி கொடுத்து உட்கார வைக்கிற குடும்பம். நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. நம்பவில்லை என்று சொல்லிக்கொள்வது சுலபம். அம்மா வேண்டாம் என்று சொன்ன நாளில் விமானம் ஏறுவதுதான் கஷ்டம். அதுவும் பி.ஆர். தொங்கிக்கொண்டிருக்கிற நேரத்தில். தேதிக்கு இன்னும் இடம் இருக்கிறதே, ஒருநாள்தானே என்று மாற்றிவிட்டேன். விசாத் தேதியைப் பற்றி அம்மாவிடம் மூச்சுவிடவில்லை. விசா சமாச்சாரம் எதையும் அவளிடம் சொல்வதில்லை. சொன்னால் தூங்க மாட்டாள்.

அப்படிக் கிடைத்த அந்த ஒருநாள் முழுவதும் பாலியின் மேற்குக் கடற்கரை ஒன்றில் கழிந்தது. காலையில் உர்ரென்று உட்கார்ந்திருந்தேன். மத்தியானத்துக்குள் சரியாகிவிட்டேன். மணல் அங்கே கறுப்பு, எரிமலை மணல். காலைப் புதைத்துக்கொண்டு, இளநீர் குடித்துக்கொண்டு, ஒரு வேலையும் இல்லாமல் இருந்தேன். சாயங்காலம் மேகம் விலகியது. சூரியன் தண்ணீரைத் தொடப்போகும் நேரத்தில் கணவரின் செய்தி வந்தது. கிழக்கே இன்னொரு தீவில் ஒரு எரிமலை வெடித்திருக்கிறது, சாம்பல் பாலிப் பக்கமாக வருகிறது, உன் பிளைட் இருக்கிறதா பார். நான் மணலைக்கூடத் தட்டாமல் பையைத் தூக்கிக்கொண்டு அறைக்கு ஓடினேன்.

காலையில் விமான நிலையத்தில் பலகை முழுவதும் சிவப்பு. மெல்பர்ன் ரத்து. சிட்னி ரத்து. பெர்த் ரத்து. எங்கே பார்த்தாலும் ஆஸ்திரேலியர்கள், தரையில் துண்டு விரித்துப் படுத்திருந்தார்கள். சிலர் பீர் குடித்தார்கள். இரண்டு நாள் கூடுதல் விடுமுறை அவர்களுக்கு. வரிசையில் நின்று நின்று கவுண்டரை அடைந்தால், அந்தப் பெண் மூன்று நாள் கழித்து ஒரு சீட்டு இருக்கலாம் என்றாள், அதுவும் சாம்பல் போனால். என் கடைசி நாள் நாளை மறுநாள். செல்போனில் விசாக் கடிதத்தைத் திறந்து காட்டினேன். அவள் பாவம், என்ன செய்வாள். அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

கணவரைக் கூப்பிட்டேன். அவர் விசா வக்கீலுக்கு மெயில் அடித்திருக்கிறார். ஜனவரி மாதம், வக்கீல் விடுமுறையில் இருப்பதாகத் தானியங்கிப் பதில் வந்திருக்கிறது. "எரிமலைக்கெல்லாம் சலுகை இருக்கும்ல?" என்றார். யாரிடம் கேட்பது, அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பின்னாலிருந்து மகள் போனைப் பிடுங்கி, ஆங்கிலத்தில், புது ஷூ வந்துவிட்டது, நீ வந்து பார்க்கும்வரை நான் போட மாட்டேன் என்றாள். சரி கண்ணு என்று வைத்துவிட்டு, அந்தத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அதற்கு முன் நான் இப்படிப் பொது இடத்தில் அழுததே இல்லை.

"பிள்ளை, தமிழோ? ஏன் அழுகிறீங்கள்?"

ஒரு அம்மா குனிந்து நின்றார். பின்னால் அவருடைய கணவர், தொப்பி வைத்துக்கொண்டு. நான் போனில் பேசியதைக் கேட்டிருக்கிறார்கள். சிட்னியில் டூங்கபியில் இருக்கிறவர்கள், யாழ்ப்பாணத்துக்காரர்கள், கல்யாண நாளுக்காகப் பிள்ளைகள் பாலிக்கு அனுப்பி வைத்திருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் பெரியவர்களை அன்ரி, அங்கிள் என்றுதான் கூப்பிடுவது வழக்கம். அன்ரியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

அங்கிள் யோசித்துவிட்டுச் சொன்னார். "இஞ்ச நிண்டு பிரயோசனம் இல்லை. சுரபாயாவில பிளேன் ஓடுது. மகன் டூங்கபியில இருந்து பாத்துக்கொண்டிருக்கிறான். வானொண்டு பிடிச்சு ரோட்டால போவம் எண்டுதான் நாங்களும் யோசிக்கிறம். என்ர பிரஷர் குளிசையும் முடியுது" என்று, காலியாகப்போகும் மாத்திரை அட்டையைக் காட்டினார்.

"ஓம், நீங்களும் வாங்கோ" என்றார் அன்ரி. "நாங்கள் பிந்தினாலும் விடுவாங்கள், ஒஸ்ரேலியன் பாஸ்போட் இருக்கு. உங்களை விடமாட்டாங்கள். நாங்களும் ஒரு காலத்தில விசாவுக்கு நிண்டு அழுதனாங்கள்தான்."

அவர்களுடைய மகன் மூன்று சீட்டு கண்டுபிடித்துவிட்டான். மறுநாள் காலை சுரபாயாவிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து சிட்னி. சிட்னியில் இறங்குவது என் கடைசி நாளின் காலையில். நடுவில் எது தவறினாலும் முடிந்தது.

வேன் மேற்கே கிளம்பியது. நான் அத்தனை ஆசையாக வந்த வழி, இப்போது பின்னோக்கி. நெல் வயல்கள், கோயில் வாசல்கள், சாலையோரம் தேங்காய்க் குவியல்கள், எல்லாம் வண்டியைத் தாமதப்படுத்த நிற்பவைபோலத் தோன்றின. ஒரு ஊரில் ஊர்வலம் போனது. வெள்ளை உடுத்த பெண்கள் தலையில் பழக்கூடை வைத்து நிதானமாக நடந்தார்கள். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுக் கைகூப்பினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்ரி என் முழங்கால்மேல் கைவைத்து, "சாமி போகட்டும்" என்றார்.

கப்பல் துறையில் வண்டிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. பாலியில் மாட்டிக்கொண்ட எல்லாருக்கும் இதே யோசனை தோன்றியிருக்கிறது. போதாததற்குக் காற்று, மழை. அலை பெரிதாக இருக்கிறது, கப்பலை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று டிரைவர் வந்து சொன்னார். எதிர்க்கரையில் ஜாவா தெரிந்தது. மலைகூடத் தெரிந்தது. நான் வண்டியைவிட்டு இறங்கி மழையில் நின்றேன். எதற்கு நின்றேன் என்று தெரியாது. உள்ளே இருக்க முடியவில்லை. எல்லாக் கோபமும் அம்மாமீது திரும்பியது. கரிநாளாம், கரிநாள். முந்தின நாள் ஏறியிருந்தால் இந்நேரம் நான் கிளேட்டனில் ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருப்பேன். நல்ல நாள் பார்த்துக் கிளம்பியதற்கு வானம் பூத்தூவியது, சாம்பலாக. ஊருக்குப் போய்ச் சேர்ந்தால் முதல் வேலை, அந்தக் காலண்டரைக் கிழித்துப் போடச் சொல்ல வேண்டும். போய்ச் சேர்ந்தால்.

அன்ரி குடையோடு வந்து என்னை இழுத்துப்போய் உள்ளே உட்கார வைத்தார். டப்பாவைத் திறந்து ஒரு முறுக்கை என் கையில் திணித்தார். "சாப்பிடுங்கோ. பசியோட யோசிச்சா எல்லாம் பெரிசாத் தெரியும்" என்றார். ஒரு கடி கடித்து வாயிலேயே வைத்திருந்தேன்.

இருட்டுவதற்குள் கப்பலை விட்டார்கள். அக்கரையில் அந்த வனவிலங்குப் பூங்காவின் ஓரமாகவே சாலை போகிறது. வண்டி விளக்கில் குரங்குகள் மழைக்குச் சுருண்டு உட்கார்ந்திருந்தது தெரிந்தது. அங்கிள் முன்சீட்டில் தலை சாய்ந்து தூங்கிவிட்டார். அவருடைய தொப்பி என் மடியில் விழுந்தது. அதைப் பிடித்துக்கொண்டு சுரபாயா வரை விழித்திருந்தேன்.

விமான நிலையத்தில் அவர்கள் இருவருக்கும் உடனே போர்டிங் அட்டை கிடைத்துவிட்டது. என் இந்தியப் பாஸ்போர்ட்டை வாங்கிய பெண் பக்கங்களைப் புரட்டினாள். விசா ஒட்டியிருக்காது, எல்லாம் கம்ப்யூட்டரில்தான் இருக்கும் என்றேன். கம்ப்யூட்டரைப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள், யாருக்கோ போன் செய்தாள். இன்னொருவர் வந்தார். இருவரும் என் கடிதத்தின் தேதியைப் பார்த்தார்கள், சுவரில் இருந்த தேதியைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பின்னால் வரிசை முணுமுணுத்தது. அன்ரி உள்ளே போகாமல் தூணோரம் நின்றுகொண்டிருந்தார். நீங்கள் போங்கள் என்று கைகாட்டினேன். தலையை ஆட்டி மறுத்தார். அந்தச் சில நிமிடங்களில் நான் கும்பிடாத தெய்வமில்லை. அம்மா கும்பிடுகிற தெய்வங்களையும் விடவில்லை. கடைசியில் அந்தப் பெண் அட்டையை அச்சிட்டு நீட்டினாள். வாங்கிக்கொண்டு அன்ரி நின்ற தூணை நோக்கி ஓடினேன்.

கோலாலம்பூரில் காத்திருந்ததும் அடுத்த விமானத்தில் வந்ததும் எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கின்றன. சிட்னிக்கு மேலே விமானம் இறங்காமல் சுற்றியது, காலைப் பனிமூட்டம் என்றார்கள். இங்கேயுமா என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

குடிவரவு அதிகாரி ஒரு இளைஞன். பாஸ்போர்ட்டைக் கருவியில் வைத்தான், திரையைப் பார்த்தான், கொட்டாவி விட்டான். விடுமுறை எப்படி இருந்தது என்று கேட்டான். எரிமலை பார்த்தேன் என்றேன். நல்லது என்று பாஸ்போர்ட்டை நீட்டினான். அவ்வளவுதான். தேதியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இதற்காகவா என்று அவனைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது.

வெளியே அன்ரியின் மகன் காரோடு வந்திருந்தான். "வீட்டை வந்து குளிச்சு, சாப்பிட்டிட்டுப் போகலாமே" என்றார் அன்ரி. பிள்ளை காத்திருக்கிறாள் அன்ரி என்றேன். "ஓம், அது சரி. போயிட்டு வாங்கோ" என்று கன்னத்தைத் தடவினார். அங்கிள் தொப்பியை மறந்து என்னிடமே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

மெல்பர்ன் விமானத்துக்கான வரிசையில் நின்றபடி அம்மாவைக் கூப்பிட்டேன். திருச்சியில் விடிந்துகொண்டிருந்தது. எடுத்ததுமே ஆரம்பித்துவிட்டேன். விசா, தேதி, சாம்பல், கப்பல், அத்தனையும் சொன்னேன். "உன்னோட கரிநாளால நான் என் புள்ளய மாசக்கணக்கா பாக்காமப் போயிருப்பேன், தெரியுமா உனக்கு? முந்தின நாளே வந்திருந்தா ஒண்ணும் நடந்திருக்காது. இனிமே எனக்கு நாளு பாக்காத. ஒரு நாளும் பாக்காத!" முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார். எனக்கு வெட்கமாக இல்லை.

போன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"அம்மா?"

"அன்னைக்குக் கரிநாள் இல்லடி" என்றாள்.

"என்ன?"

"கரிநாளும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான் சும்மா சொன்னேன்." மூக்கை உறிஞ்சினாள். "இப்படி ஒரு தேதி இருக்குன்னு நீ எங்கிட்ட சொல்லவே இல்லையே. சொல்லியிருந்தா கரிநாள்னு சொல்லியிருப்பனா நான்? நீ ஓடிக்கிட்டே இருந்த. கடலுக்கு ஒரு ராத்திரிதான் வச்சிருந்த. இருந்துட்டு வாடின்னு சொன்னா கேப்பியா? கரிநாள்னு சொன்னாத்தான் கேப்ப."

வரிசை நகர்ந்தது. பையைக் காலால் தள்ளினேன்.

"கல்யாணமான புதுசுல டூர் பஸ்ல கன்னியாகுமரி போனோம். சூரியன் மறையறது அங்க அவ்வளவு நல்லாருக்கும்னாங்க. நான் பாறைல இடம் பிடிச்சு உக்காந்திருந்தேன். இந்தா மறையப்போவுதுங்கறப்ப உங்கப்பா வந்து, பஸ்ஸு கிளம்பிருச்சு, வா வான்னு கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிட்டாரு. அதுக்கப்புறம் எங்க போனேன் நான்? நீயாவது ஒருநாளு உக்காந்து பாக்கட்டும்னு நெனச்சேன். அதுக்குப் போயி உன்னை இப்படி..." அழ ஆரம்பித்துவிட்டாள்.

அவ்வளவு நேரம் கையில் வைத்திருந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. "அழாதம்மா. அதான் வந்துட்டேன்ல" என்றேன்.

முந்தானையில் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் கழித்து, பயந்துகொண்டே கேட்டாள்.

"அன்னைக்கு சாயங்காலம் பாத்தியா? முழுசா மறையற வரைக்கும்?"

செல்போனைப் பார்த்துக்கொண்டே மணலில் ஓடியது ஞாபகம் வந்தது. என் ஷூவுக்குள் இன்னும் அந்தக் கறுப்பு மணல் இருந்தது.

"பாத்தேம்மா" என்றேன். "கடைசி வரைக்கும் உக்காந்து பாத்தேன்."